வலியா, வழியா? – தமிழ் எழுத்தும் செய்தி அனுப்பும் கலையும்

சென்ற ஆண்டு நடந்த சிறு நிகழ்ச்சி ஒன்றைக் கூறி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் மீன்சுருட்டி. இவ்வூர் மாணவர் ஒருவர் இயற்பியலில் இளம் அறிவியல் பட்டம் பெற்றபின், முதுகலை வகுப்பில் சேர்வதற்கான கலந்தாய்வுக்குத் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றார். முதல்நாள் மாலை பேருந்திலிருந்து இறங்கும்போது அவருக்குக் கால் சுளுக்கிக் கொண்டது. ஆகவே மறுநாள் காலை, "கால் எப்படி இருக்கிறது?" என்று கைப்பேசியில் கேட்டு அனுப்பினேன். சற்று நேரங்கழித்து அவரிடமிருந்து இரண்டே சொற்கள் வந்தன. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் எழுதியிருந்தார். முதற்சொல்லில் 'வி, ஏ, எல், ஐ' என்னும் நான்கு எழுத்துகள் இருந்தன. அடுத்த சொல் 'தெரியல' என்பது. "வலி தெரியல" என்று படித்தேன். மனம் நிம்மதியாயிற்று. "மிக்க மகிழ்ச்சி" என்று விடையெழுதிவிட்டு வகுப்புக்குச் சென்றுவிட்டேன்.

அவர் எழுதியது அதுவன்று. "வழி தெரியல" என்பதே அவர் எழுதியது. நான் அனுப்பிய கேள்வியை அவர் பார்க்கவேயில்லை. அந்நகரில் நான் படித்தவன் என்பதால் என்னிடம் வழி கேட்டிருக்கிறார். "மிக்க மகிழ்ச்சி" என்ற என் விடையைக் கண்டு திகைத்துப்போய், யார் யாரையோ விசாரித்து, சுளுக்கிய காலுடன் அலைந்து அவர் போய்ச் சேர்ந்தபோது அவருடைய பெயரை அழைத்து முடித்துவிட்டார்கள். விரும்பிய இடம் அடுத்தவருக்குப் போயிற்று. பின்னர் அவர் வேறொரு கல்லூரியில் சேர்ந்தார்.

இத்தவறு யாருடையது என்று பல நாள் எண்ணிப் பார்த்தேன். அவ்வாறு எண்ணியபோது வியப்பான உண்மையொன்று தோன்றிற்று. ஒரே வடிவத்தை இரண்டு மூன்று விதமாகப் படிக்க நேரும் இக்குழப்பம் தமிழ் எழுத்துக்குப் புதியதன்று. அது பல நூற்றாண்டுகள் இருந்தது. அதன் ஒரு பகுதியைத் தீர்த்து வைத்தவர் எங்கள் அரியலூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் வாழ்ந்தவர். தீர்ந்துபோன அக்குழப்பத்தை இன்று நாமே கைப்பேசிக்குள் மீண்டும் கொண்டு வந்திருக்கிறோம். அவ்வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

கல்லும் ஓலையும்

மீன்சுருட்டிக்கு அருகில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. முதலாம் இராசேந்திரன் (ஆட்சிக்காலம் 1014–1044) அமைத்த தலைநகரம் அது. அங்குள்ள பெருங்கோயிலுக்கு மாணவர்களை அழைத்துச் சென்று கல்வெட்டுகளைக் காட்டினால், முதலில் அவர்கள் கேட்பது, "சொற்களுக்கு நடுவே ஏன் இடைவெளி இல்லை?" என்பதாகும். சோழர் காலக் கல்வெட்டுகளில் சொற்கள் தொடர்ச்சியாகவே பொறிக்கப்பட்டன. மெய்யெழுத்தின் மேல் இட வேண்டிய புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் அவ்வாறே. எனவே 'எரி' என்பதையும் 'ஏரி' என்பதையும் எழுத்தைக் கொண்டு மட்டும் பிரித்தறிய இயலாது. நெருப்பா, நீரா என்பதை முன்பின் வரும் சொற்களைக் கொண்டு படிப்பவர்தாம் முடிவு செய்ய வேண்டும்.

இலக்கணத்தில் இதற்கு விதி இல்லாமல் இல்லை. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்றும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்றும் தொல்காப்பியம் கூறுகிறது. விதி இருந்தும் வழக்கில் புள்ளி தவறிப்போனது ஏன்? எழுதப்படும் பொருளின் இயல்பு அதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. பனையோலையில் எழுத்தாணியால் கீறித்தான் எழுத வேண்டும். எழுத்தாணியின் கூர்முனையை ஓரிடத்தில் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும், கிழியவும் கூடும். ஆகவே ஏடெழுதியவர்கள் புள்ளியைத் தவிர்த்தனர். போதாக்குறைக்கு, ஆகாரத்தைக் காட்டும் காலும் ரகரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே எழுதப்பட்டன.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஓலையில் ஒரு கொம்பு, ஒரு ககரம், கால் போன்ற ஒரு கோடு ஆகிய மூன்று குறிகள் அடுத்தடுத்து இருப்பதாகக் கொள்வோம். கோட்டைக் கால் என்று கொண்டால் அது 'கொ' ஆகலாம், 'கோ' ஆகலாம். ரகரம் என்று கொண்டால் 'கெர', 'கேர', 'கெர்', 'கேர்' என்னும் நான்கில் ஒன்றாகலாம். ஆக, ஒரே வடிவத்துக்கு ஆறு வாசிப்புகள்! எழுதியவருடைய மனத்தில் இருந்தது ஒன்றே. அந்த ஒன்றைத் தேடிப் பிடிக்கும் சுமை படிப்பவர் தலையில் விழுந்தது.

அச்சுமை எளிதன்று. அரியலூரிலும் குன்னத்திலும் இளமைப் பருவத்தில் தமிழ் கற்ற உ. வே. சாமிநாதையர் (1855–1942) பிற்காலத்தில் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்கத் தொடங்கியபோது, ஒரே நூலின் பல ஏட்டுப் பிரதிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். 1887இல் அவர் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டதற்குப் பின்னால் இருந்த உழைப்பில் பெரும்பகுதி, ஐயத்துக்கிடமான சொற்களை ஒப்பிட்டு உண்மை வாசிப்பைத் துணிவதற்கே செலவாயிற்று. எழுதுபவர் விட்ட ஒரு புள்ளியை நிரப்பப் படிப்பவர் பல்லாண்டுகள் உழைக்க நேர்ந்தது.

ஏலாக்குறிச்சியில் நடந்த திருத்தம்

எங்கள் மாவட்டத்தின் தென்பகுதியில், கொள்ளிட ஆற்றுக்கு வடக்கே ஏலாக்குறிச்சி என்னும் சிற்றூர் உள்ளது. இதற்குத் திருக்காவலூர் என்றும் பெயருண்டு. இத்தாலி நாட்டில் 1680இல் பிறந்து, 1710இல் இந்தியாவுக்கு வந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் பாதிரியார் இவ்வூரில் நெடுங்காலம் தங்கியிருந்தார். தமிழ்நாடு அவரை வீரமாமுனிவர் என்று அறியும். தேம்பாவணியையும், 1732இல் முடிந்த சதுரகராதியையும் இயற்றியவர் அவரே.

பிறமொழியாளர் தமிழ் கற்பதற்காக அவர் இலத்தீன் மொழியில் கொடுந்தமிழ் இலக்கணம் ஒன்றை எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சாயிற்று. பிறந்த நாள் முதல் தமிழ் பேசுபவர்க்கு 'எரி', 'ஏரி' என்னும் ஐயம் அவ்வளவாக எழுவதில்லை, பழக்கம் கைகொடுக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து கற்பவர்க்கோ ஒவ்வொரு வரியிலும் அது தடையாக நிற்கும். எனவே அவர் ஒரு வழி கண்டார். ஒற்றைக் கொம்பைக் குறிலுக்கே விட்டுவிட்டு, நெடிலுக்குக் கொம்பின் தலையைச் சுழித்தார். இன்று நாம் 'கெ' என்றும் 'கே' என்றும், 'கொ' என்றும் 'கோ' என்றும் வேறுபடுத்தி எழுதுவது அதனால்தான். 'ஏ', 'ஓ' என்னும் உயிரெழுத்துகளின் இன்றைய வடிவமும் அவர் பெயரோடு இணைத்தே கூறப்படுகிறது.

இத்திருத்தத்தில் ஓர் அறிவியல் நுட்பம் இருக்கிறது. பழைய விதிப்படி, புள்ளி இருந்தால் குறில்; இல்லாவிட்டால் நெடில். இங்கே 'குறி இல்லாமை' என்பதே ஒரு செய்தியாகிறது. ஆனால் புள்ளி இல்லாமல் இருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். அது நெடிலாக இருக்கலாம். அல்லது எழுதியவர் புள்ளியை விட்டிருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய வழியில்லை. மின்விளக்கு எரியாவிட்டால் 'இல்லை' என்று பொருள் என ஓர் ஏற்பாடு செய்துகொண்டோமானால், மின்சாரம் நின்றுபோகும் நேரத்தில் எல்லாம் 'இல்லை' ஆகிவிடுமல்லவா? அதுபோன்றதே இது. வீரமாமுனிவரின் முறையில் நெடிலுக்கு உறுதியான ஒரு குறி கிடைத்தது. அச்சுழி எழுத்தின் கோட்டோடு சேர்ந்தே வருவதால் ஓலையைத் துளைக்கும் அச்சமும் இல்லை எனலாம்.

இதைவிட முக்கியமானது மற்றொன்று. படிப்பவர் ஊகிக்க வேண்டியிருந்ததை, எழுதுபவர் தெளிவாகக் காட்ட வேண்டியதாக அவர் மாற்றினார். சுமை தோள் மாறிற்று. எழுத்தின் வளர்ச்சி முழுவதையும் இந்த ஒரு வாக்கியத்துள் அடக்கிவிடலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அச்சுக்கலை பரவிய பின்னர்க் காகிதத்தைத் துளைக்கும் கவலையில்லாமல் மெய்யெழுத்தின் புள்ளியும் நிலைபெற்றது. சொற்களிடையே இடைவெளி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) போன்றோரின் உரைநடையில் நிறுத்தற்குறிகளும் இடம்பெற்றன. இவை ஒவ்வொன்றும் படிப்பவருடைய சுமையைச் சிறிது குறைத்தவையே.

ரோமன் எழுத்தில் தமிழ்

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவது கைப்பேசி தந்த புதுமை என்று பலர் நினைக்கின்றனர். அது சரியன்று. 1554இல் போர்ச்சுக்கல் நாட்டு லிஸ்பன் நகரில் 'கார்த்தில்யா' என்னும் சமயநூல் அச்சிடப்பட்டது. அதில் தமிழ் வாசகம் ரோமன் எழுத்துகளில் அமைந்திருந்தது. அந்நாளில் தமிழ் அச்செழுத்து வார்க்கப்படவில்லை. அவர்களுக்கு வேறு வழியில்லை. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சாகியபோது அந்நிலை மாறிற்று.

தந்தி வந்தபோது அதே நிலை திரும்பிற்று. இந்தியாவில் பொதுமக்களுக்கான தந்திப் பணி 1855இல் தொடங்கியது. மோர்ஸ் முறையில் ஒவ்வோர் எழுத்தும் குறுந்தட்டும் நெடுந்தட்டுமாக மாற்றப்படும். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 'ஈ' என்னும் எழுத்துக்கு ஒரே ஒரு குறுந்தட்டு. அம்முறை ரோமன் எழுத்துகளுக்காக அமைக்கப்பட்டது. ஆதலால் எங்களைப் போன்ற சிற்றூர்களுக்குத் தந்தி பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வந்தது. தந்திச் சேவகரைக் கண்டதும் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். படித்துச் சொல்ல ஆள் கிடைத்த பிறகுதான் அது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்பது தெரியவரும். சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் இருந்ததால் சொற்கள் சுருங்கின. அச்சேவை 2013 சூலையில் முடிவுற்றது. ஆனால் சுருக்கி எழுதும் அப்பழக்கம் வேறிடத்தில் தொடர்ந்தது.

பொறிக்குள் புகுந்த தமிழ்

தட்டெழுத்துப் பொறியில் 247 எழுத்துகளுக்கு 247 விசைகள் வைத்தல் இயலாத காரியம். யாழ்ப்பாணத்தில் 1886இல் பிறந்து மலேயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா இச்சிக்கலுக்கு விடை கண்டார். அவர் வகுத்த பொறியில் நகரா விசைகள் இடம்பெற்றன. அத்தகைய விசையைத் தட்டினால் குறி மட்டும் பதியும், தாள் நகராது. அதன் மேலேயே அடுத்த எழுத்தைத் தட்டலாம். புள்ளியும் மெய்யும் இவ்வாறு ஓரிடத்தில் சேர்ந்தன.

1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ஓர் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றின் தனி வடிவங்கள் நீங்கி, மற்ற எழுத்துகளைப் போலவே காலும் ஐகாரக் குறியும் பெற்றன. பெரியார் 1935 முதலே தம் இதழில் கையாண்டு வந்த முறை இது. அச்சுக்கும் பொறிக்கும் இது வசதியாயிற்று.

கணிப்பொறியில் எழுத்துகள் எண்களாகவே வாழ்கின்றன. 1990களில் தமிழ் எழுத்துருக்களை உருவாக்கியவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையில் எண் கொடுத்தனர். இதனால் ஒருவர் தமிழில் அனுப்பிய மின்னஞ்சல் மற்றொருவருக்குப் புரியாத கிறுக்கல்களாகத் தெரிந்தது. இதைக் களையச் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி போன்றோர் முயன்றனர். 1997இல் அங்கும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் மாநாடுகள் நடைபெற்றன. 'தமிழ் 99' விசைப்பலகை சென்னை மாநாட்டின் பயனாகும். இறுதியில், உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ஒருங்குறி முறையே நிலைத்தது. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. 2010இல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றது. இன்று எந்தக் கைப்பேசியிலும் தமிழ் தமிழாகவே தெரிவதற்கு இதுவே காரணம்.

70க்கும் 160க்கும் உள்ள பகை

அப்படியிருந்தும் நம் இளைஞர்கள் ஏன் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகின்றனர்? அவர்களைக் குறை கூறுமுன் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். கைப்பேசிக் குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 பைட். அதாவது 1120 பிட். ரோமன் எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும். 1120ஐ 7ஆல் வகுத்தால் 160. ஆகவே ஒரு செய்தியில் 160 எழுத்துகள். தமிழ்க் குறி ஒன்றுக்கோ 16 பிட் தேவை. 1120ஐ 16ஆல் வகுத்தால் 70. ஒரே கட்டணத்துக்கு ஆங்கில எழுத்தில் 160, தமிழில் 70!

நான் கல்லூரியில் படித்த நாளில் இக்கணக்கை அறியேன். ஆனால் தமிழில் எழுதினால் ஒரு செய்தி இரண்டாகப் பிளந்து இரட்டைக் கட்டணம் ஆகும் என்பதை என் சட்டைப்பை அறியும். அன்றைய கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்து வெறுங்கட்டங்களாகத் தெரிந்தது. ஆகவே நானும் ஆங்கில எழுத்திலேயே எழுதிப் பழகினேன். இன்று இணையவழிச் செய்திகளுக்கு அந்த வரம்பும் இல்லை, கட்டங்களும் இல்லை. காரணம் போய்விட்டது. பழக்கம் மட்டும் நிற்கிறது.

என் மாணவருடைய செய்தியையே எடுத்துக்கொள்வோம். 'வழி தெரியல' என்று தமிழில் எழுதினால், இடைவெளியையும் உயிர்க்குறிகளையும் சேர்த்து 10 குறிகள். ஆங்கில எழுத்தில் அது 14. விசையைத் தட்டும் விரலுக்குத் தமிழே சிக்கனம்! பிட் கணக்கில் மட்டும் தமிழுக்கு 160. ஆங்கில எழுத்துக்கு 98. மிச்சம் 62 பிட்.

அந்த 62 பிட்டில் என்ன போயிற்று என்று பாருங்கள். ஆங்கில 'ஏ' தமிழில் அகரமாகலாம், ஆகாரமாகலாம். 'எல்' என்பது ல, ள, ழ மூன்றில் ஒன்றாகலாம். 'ஐ' இகரமாகலாம், ஈகாரமாகலாம். 2 × 3 × 2 = 12 வாசிப்புகள். அவற்றுள் வலி, வளி, வழி, வாலி, வாளி என்னும் ஐந்தும் பொருளுள்ள சொற்கள். ஓலையில் கண்ட ஆறு வாசிப்பு நினைவுக்கு வருகிறதல்லவா?

1948இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிளாட் ஷானன் செய்தித் தொடர்புக்கு ஒரு கணிதக் கொள்கை வகுத்தார். ஒரு செய்தியைப் பெற்ற பின்னும் பெறுபவரிடம் எஞ்சி நிற்கும் ஐயத்தை அளக்க முடியும் என்று அவர் காட்டினார். ஆம், இல்லை என்று விடை வரும் வினாக்கள் எத்தனை கேட்டால் ஐயம் தீருமோ, அதுவே அளவு. ஐந்து சொற்களில் ஒன்றைத் துணிய இரண்டு வினாக்கள் போதா. சில வேளை மூன்று வேண்டும். நான் ஒரு வினாவும் கேட்கவில்லை. காலைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்த என் மனம் 'வலி' என்று முடிவு செய்துவிட்டது. ஐயம் இருக்கிறது என்பதே தெரியாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய இடர். பாதிக் குற்றம் என்னுடையது.

மாணவர் சொன்னது

பின்னர் ஒருநாள் அம்மாணவரிடம், "நடந்ததைப் பற்றி உங்கள் எண்ணத்தை ஒரு பக்கம் எழுதித் தாருங்கள்" என்று கேட்டேன். எழுதித் தந்தார். அவருடைய ஒப்புதலோடு அதன் சாரத்தைக் கூறுகிறேன்.

தமிழ் விசைப்பலகை தம் கைப்பேசியில் எப்போதும் இருந்ததாம், பயன்படுத்தவும் தெரியுமாம். ஆயினும் தமிழில் எழுதினால், 'இவனுக்கு ஆங்கிலம் தெரியாது, தமிழ் வழியில் படித்தவன்' என்று மற்றவர்கள் நினைப்பார்களோ என்ற கூச்சம் தடுத்ததாம். ஆங்கிலத்தில் எழுதவோ பிழை வருமென்ற அச்சம். இரண்டுக்கும் நடுவே, எந்த மொழியும் ஆகாத ஒன்றில் ஒளிந்துகொண்டதாக எழுதியிருந்தார். மற்றொன்றும் எழுதியிருந்தார். எழுதும்போது பொருள் தமக்குத் தெரிந்திருந்ததால், படிப்பவருக்கும் அது தெரியும் என்று நினைத்துவிட்டாராம்.

அதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. கட்டணமும் எழுத்துருவும் மட்டுமே காரணம் என்று நான் கணக்கிட்டுக் கொண்டிருந்தேன். கூச்சத்துக்கு எத்தனை பிட் என்று நான் கணக்கிடவில்லை. தமிழ் வழியில் படிக்கும் மாணவர்களே, உங்களுக்கு ஒன்று சொல்வேன். தெளிவாக எழுதுவதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆங்கிலத்தில் எழுத வேண்டிய இடத்தில் முழு ஆங்கிலத்தில் எழுதுங்கள். பிழை வந்தால் திருத்திக்கொள்ளலாம். தமிழில் எழுதும்போது தமிழெழுத்தில் எழுதுங்கள். 'லகர, ளகர, ழகர' வேறுபாடு தேர்வில் மதிப்பெண் குறைப்பதற்காக ஏற்பட்டதன்று. பேச்சில் ழகரம் பலர் நாவில் ளகரமாகிவிடுவதால், எழுத்தே அதைக் காத்து நிற்கிறது. அனுப்புமுன் ஒருமுறை, நீங்கள் நிற்கும் இடத்தையும் உங்கள் நிலையையும் அறியாத ஒருவராக நின்று படித்துப் பாருங்கள். ஏலாக்குறிச்சியில் அமர்ந்து கொம்பைச் சுழித்தவர் செய்ததும் அதுதான்.

படிப்பவர்க்கும் கடமை உண்டு. ஐயமிருந்தால் திரும்பக் கேட்க வேண்டும். இதை நான் எனக்கே கூறிக்கொள்கிறேன்.

இவ்வாண்டு அதே கலந்தாய்வுக்கு எங்கள் ஊர் மாணவி ஒருவர் புறப்பட்டார். அவருக்கு அந்தப் பழைய மாணவர் அனுப்பிய செய்தியை நான் பார்த்தேன். எந்தப் பேருந்தில் ஏறுவது, எந்த நிறுத்தத்தில் இறங்குவது, எந்தப் பக்கம் திரும்பி எந்த வாயில் வழியாக உள்ளே போவது, எத்தனை மணிக்குள் பெயரைப் பதிவு செய்வது என்று ஐந்து வரிகள், எல்லாம் தமிழெழுத்தில். அம்மாணவி வழியில் யாரையும் கேட்காமலே உரிய நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.